கழட்டினதா, வாங்கினதா

கடைக்காரர்: தேய்ச்சீங்களா?

மகள்: லேசாத்தான் சார்...

கடைக்காரர்: எதை வச்சு?

மகள்: பற்பசை. பழைய பனியன் துணி. ஒரு நிபுணர்கிட்ட கொண்டுபோறோமே, அழுக்கா இருக்கக் கூடாதேன்னு...

கடைக்காரர்: போச்சு. அந்த அழுக்குதாம்மா எனக்குச் சாட்சி! பழைய ராணுவ பேட்ஜ் கொண்டுவர்றவங்க முக்கால்வாசிப் பேர் இதைத்தான் பண்றாங்க. பளபளன்னு மேஜையில வச்சுட்டு, அசலா போலியா சொல்லுங்கன்னு நிக்கிறது. சாட்சியைக் கொன்னுட்டுத் தீர்ப்பு கேட்டா எப்படி?

அம்மா: பாதியைத்தான் தேய்ச்சா. அதுக்குள்ள நான் பாத்துட்டுப் பிடுங்கிட்டேன்.

மகள்: பிடுங்கினது மட்டுமா சார்? கையில ஒரு அடி வேற. எனக்குக் கல்யாணமாகி ரெண்டு பிள்ளைங்க இருக்கு.

அம்மா: அதுங்களுக்கு இருக்கிற பொறுமை உனக்கு இல்ல.

கடைக்காரர்: சரி சரி, சண்டையை வீட்ல வச்சுக்கலாம். அந்த விளக்கை இப்படித் திருப்புங்க... ம். குதிரைத் தலை. சுத்திவர இலை வளையம். மலைப்படைக்காரங்க தொப்பியில வர்றது. யாரோடது?

மகள்: எங்க அப்பாவோடது சார். எல்லைச் சண்டையில போயிட்டார். நான் அப்போ கைக்குழந்தை. இப்ப அவங்க படைக்கு ஒரு நினைவு மண்டபம் கட்டுறாங்க. போனவங்க போட்டிருந்த பொருள் எது இருந்தாலும், அவங்க பேருக்குக் கீழ கண்ணாடிப் பெட்டியில வைப்பாங்களாம். ஆனா விஷயம் தெரிஞ்சவங்க பாத்து எழுதிக் குடுக்கணும். அப்பாவுக்குன்னு எங்ககிட்ட இருக்கிறது இது ஒண்ணுதான். உடம்பு கூட வீடு வந்து சேரல...

கடைக்காரர்: ம்... அப்போ நான் போலின்னு சொன்னா?

மகள்: பேருக்குக் கீழ வெறும் கண்ணாடி. அதனாலதான் சார் ராத்திரி தூக்கமில்ல.

கடைக்காரர்: அம்மாவுக்கும் அதே கவலைதானா?

அம்மா: எனக்கு அசல் போலியெல்லாம் அப்புறம் தம்பி. ஒண்ணே ஒண்ணு தெரியணும். இது தொப்பியிலேர்ந்து கழட்டினதா, இல்ல கடையில வாங்கினதா?

மகள்: அது என்னம்மா கேள்வி? சைக்கிள் மாமாதானே கொண்டுவந்து குடுத்தார்!

கடைக்காரர்: அது யாரு சைக்கிள் மாமா?

மகள்: அப்பாவோட சிநேகிதர் சார். ரெண்டு பேரும் ஒரே கூடாரம். அப்பா போன சேதியைச் சொல்ல அவர்தான் வந்தார். இதை அம்மா கையில குடுத்து, ‘அவன் தொப்பியில இருந்தது, இதுதான் கிடைச்சது’ன்னாராம். அன்னியிலேர்ந்து எங்களை விடல. சைக்கிளை மிதிச்சுக்கிட்டு வந்துடுவார். எனக்குச் சைக்கிள் கத்துக் குடுத்தது அவர், காலேஜ்ல இடம் கேட்டு வரிசையில நின்னது அவர், கல்யாணத்துல பந்தியில நின்னு பரிமாறினது...

அம்மா: தம்பி கேட்டது பேட்ஜைப் பத்தி.

மகள்: சும்மா சொல்லிக்கிட்டிருந்தேன்.

கடைக்காரர்: அவர் கொண்டுவந்து குடுத்தார்னா, வாங்கினதாங்கிற சந்தேகம் எங்கேர்ந்து வந்துச்சு?

அம்மா: அப்ப எங்க தெருவுல ஒருத்தி. மகன் சண்டையில போயிட்டான். அவன் கட்டியிருந்த கடிகாரம்னு ஒருத்தர் கொண்டுவந்து குடுத்தார். அவளும் கண்ணுல ஒத்தி ஒத்தி வச்சுக்கிட்டா. அப்புறம் பாத்தா, பின்னாடி ஒட்டியிருந்த கடைத் தாள்கூட உரிக்கல. பாவம், பெத்தவ கையை வெறுங்கையா விடக்கூடாதுன்னு வாங்கிட்டு வந்திருக்கார்.

மகள்: ஐயோ... அந்தம்மா என்ன பண்ணாங்க?

அம்மா: தாளை உரிச்சுப் போட்டுட்டுப் பழையபடி ஒத்திக்கிட்டா. நான் அவ இல்லையே.

கடைக்காரர்: உங்க சந்தேகம் நியாயம்தாம்மா. அந்தக் காலத்துல சந்தையில இதையெல்லாம் கூடையில கொட்டி வித்தாங்க. அசலும் இருக்கும், போலியும் இருக்கும். இருங்க, ஒண்ணு காட்டுறேன்... இந்த இழுப்பறை எப்பவும் மக்கர்... ஆ, வந்துட்டான். இந்தாங்க. ரெண்டையும் ரெண்டு கையில வச்சுப் பாருங்க.

மகள்: இதுவும் குதிரை! அச்சு அசலா அதே மாதிரி...

கடைக்காரர்: திருப்புங்க.

மகள்: பின்னாடி... சொரசொரன்னு இருக்கு. குட்டிக் குட்டிப் பள்ளம்.

கடைக்காரர்: மண் அச்சுல பித்தளையை ஊத்தினா அப்படித்தான். அசலை இரும்பு அச்சுல வச்சு அடிப்பாங்க. முன்னாடி குதிரை எழும்பி நிக்குதுன்னா, பின்னாடி அதே குதிரை குழிவிழுந்து தெரியணும். இப்ப உங்களுதைத் திருப்புங்க.

மகள்: ...தெரியுது சார்! காது, மூக்கு, எல்லாம் குழியா தெரியுது! அம்மா, பாரு!

அம்மா: பாத்திருக்கேன்.

கடைக்காரர்: இன்னொண்ணு. முன்பக்கத்தை மட்டும் தேய்ச்சிருக்கு, பின்பக்கம் கன்னங்கரேல்னு கிடக்கு. சிப்பாய்ங்க அப்படித்தான். மேலதிகாரி கண்ணு படுற இடம் மட்டும்தான் மின்னும். விக்கிறவன்தான் ரெண்டு பக்கமும் மினுக்குவான். குதிரை மூஞ்சி வழவழன்னு ஆயிடுச்சு பாருங்க... தினம் காலையில துணியை வச்சுத் தேய்ச்ச தேய்ப்பு. வருஷக்கணக்கா. பிடரி முடியே காணாமப் போச்சு.

மகள்: அப்போ அசல்!

கடைக்காரர்: சொக்கத் தங்கம்... சொக்கப் பித்தளை.

மகள்: அப்பாடா! அம்மா, கேட்டியா? சார், இதை அப்படியே எழுதிக் குடுத்துடுங்க. இதுக்கு என்ன விலை போகும்? விக்கிறதுக்கு இல்ல, சும்மா கேக்கிறேன்.

கடைக்காரர்: நேத்து கொண்டுவந்திருந்தா ஒரு விலை. பற்பசைக்கு அப்புறம் பாதி விலை.

மகள்: குத்திக் காட்டிக்கிட்டே இருங்க.

அம்மா: தம்பி... அசலா இருந்தாலும் சந்தையில வாங்கியிருக்கலாமில்ல?

கடைக்காரர்: ...இருக்கலாம்.

அம்மா: அப்போ என் கேள்வி அப்படியேதான் இருக்கு.

மகள்: விட மாட்டேங்கிறியேம்மா! அந்த மாமா உனக்கு என்ன கெடுதல் பண்ணார்?

அம்மா: கெடுதல்னு யார் சொன்னா?

கடைக்காரர்: உங்கம்மா கேக்கிறது சரிதான். இங்க வர்றவங்க யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்ல. போன மாசம் சினிமாக்காரங்க வந்தாங்க. படைத்தளபதி வேஷத்துக்கு வாடகைக்கு எடுத்துட்டுப் போன பேட்ஜ் எது தெரியுமா? சமையல் பிரிவு. தளபதி அதை மாட்டிக்கிட்டுத் தாக்குங்கள்னு கத்துறார். அவங்களுக்கு மின்னினா போதும்... சரி, லென்ஸைக் கண்ணுல மாட்டிக்கிறேன். கொஞ்ச நேரம் பேசாதீங்க.

மகள்: நான் எங்க பேசினேன்...

கடைக்காரர்: இதோ பேசுறீங்களே... அடடே.

மகள்: என்ன சார்?

கடைக்காரர்: நீங்க எந்தக் கையால தேய்ச்சீங்க?

மகள்: எந்தக் கையாலயா? இந்தக் கைதான். வலது. ஏன், தப்பா?

கடைக்காரர்: தப்புதான். ஆனா உங்க தப்பு இன்னிக்கு எனக்கு உதவி பண்ணுது. இந்த லென்ஸ் வழியா பாருங்க. நீங்க தேய்ச்ச பாதியில தலைமயிரை விட மெல்லிசா கீறல் தெரியுதா?

மகள்: தெரியுது... நிறைய.

கடைக்காரர்: எந்தப் பக்கம் சாயுது?

மகள்: மேல போகப் போக வலப்பக்கமா.

கடைக்காரர்: இடது கையில பிடிச்சுக்கிட்டு வலது கையால இழுத்துத் தேய்ச்சா அப்படித்தான் விழும். இப்ப அந்தப் பக்கம், நீங்க கை வைக்காத பாதி. பழைய கீறல். அது எந்தப் பக்கம்?

மகள்: அது... இடப்பக்கமா சாயுது. எல்லாமே இடப்பக்கம்.

கடைக்காரர்: ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கிறதாலதான் கண்ணுல பட்டுச்சு. இதை வருஷக்கணக்கா தேய்ச்ச ஆளு இடதுகைக்காரர். உங்க அப்பா இடதுகையா?

மகள்: எனக்கெப்படித் தெரியும் சார்? அம்மா, அப்பா எந்தக் கை?

அம்மா: ...மறந்துபோச்சு.

மகள்: மறந்துபோச்சா! அப்பா எத்தனை தடவை அடுக்காத் தும்முவார்னு சொல்லியிருக்கே. எந்தப் பக்கம் தலை வச்சுப் படுப்பார்னு சொல்லியிருக்கே. கை மறந்துபோச்சா?

அம்மா: வயசாகுதில்ல.

மகள்: காலையில பால்காரன்கிட்ட பழைய பாக்கிச் சில்லறையைக் கேட்டு வாங்கினியே, அப்ப வயசாகலியா? இரு... அந்தக் கேரம் போட்டோ! அப்பா ஸ்ட்ரைக்கரைக் குறிவச்சுக்கிட்டு, நாக்கைத் துருத்திக்கிட்டு... வலது கை. அப்பா வலது கைம்மா!

கடைக்காரர்: வலதுன்னா... இது சங்கடமாச்சே.

மகள்: என்ன சங்கடம்?

கடைக்காரர்: பேட்ஜ் அசல். ஆனா உங்க அப்பா தொப்பியில இருந்தது இல்ல.

மகள்: அது எப்படி சார்? மாமாவே தன் கையால கொண்டுவந்து குடுத்து... மாமா...

கடைக்காரர்: சொல்லுங்க.

மகள்: மாமா இடதுகைக்காரர். என் நோட்டுக்கெல்லாம் அவர்தான் அட்டை போடுவார். கத்திரிக்கோல் வெட்டலைன்னு கத்திரிக்கோலைத் திட்டுவார். இடது கையில பிடிச்சா வெட்டாதுல்ல? அப்புறம் நான்தான் வெட்டிக் குடுப்பேன்... சார், அப்போ இது மாமாவோடதா?

கடைக்காரர்: இடதுகைக்காரங்க படையில இன்னும் நிறையப் பேர் இருப்பாங்க. அவசரப்படாதீங்க. பின்பக்கத்தைக் குடுங்க... இந்த நாக்கு மாதிரி நீட்டிக்கிட்டிருக்கிறதைத்தான் தொப்பி மடிப்புல சொருகுவாங்க. ஆடாம இருக்கணும்னு முனையை வளைச்சு விட்டிருக்கார். அதை நிமித்திட்டு மெதுவா உருவலாம். இவர் நிமித்தல. கத்தியோ ஸ்பூனோ எதையோ விட்டு நெம்பி எடுத்திருக்கார். பித்தளையில தழும்பு பாருங்க. வளைஞ்ச முனையில துணி நூல் இன்னும் மாட்டிக்கிட்டிருக்கு. பச்சை நூல்.

அம்மா: தொப்பி நூலா?

கடைக்காரர்: தொப்பி நூல்தான். சந்தைக்கு வர்ற சரக்குல நூல் இருக்காதும்மா. கழுவிக் கொட்டிடுவாங்க. இதை யாரோ நல்ல தொப்பியிலேர்ந்து, அவசர அவசரமா, ஒரு முடிவு பண்ணிக் கழட்டியிருக்காங்க.

மகள்: அப்போ மாமா நம்மகிட்ட பொய் சொல்லியிருக்கார். இத்தனை வருஷமா! நான் பள்ளிக்கூடத்துல சட்டைப் பையில மாட்டிக்கிட்டுப் போய், எங்கப்பாவோடதுன்னு எல்லார்கிட்டயும் காட்டியிருக்கேன். வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தாரே... ஒரு வார்த்தை சொன்னாரா? கல்லுளிமங்கன்!

அம்மா: மரியாதையாப் பேசு.

மகள்: நீ கோபப்பட வேண்டியது என்மேல இல்லம்மா!

கடைக்காரர்: கோபப்படுறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கோங்க. அந்தக் காலத்துல பேட்ஜ் தொலைச்சா லேசுல விடமாட்டாங்க. அணிவகுப்புல மொட்டைத் தொப்பியோட நின்னா, எங்க போச்சுன்னு கேப்பாங்க. சொன்னா அபராதத்தோட போகும். சொல்லலைன்னா வித்துட்டான்னுதான் எழுதுவாங்க. காவல் அறையில போட்டுருவாங்க, சட்டைக் கையில இருக்கிற பட்டையைப் பிய்ச்சிடுவாங்க.

அம்மா: பட்டையையா?

கடைக்காரர்: ஆமாம்மா. பதவி இறக்கம்.

அம்மா: ...ரெண்டு பட்டை இருந்துச்சு.

மகள்: யாருக்கு?

அம்மா: அவருக்குத்தான். சேதி சொல்ல வந்த அன்னிக்கு ரெண்டு பட்டை. தொப்பியைச் சுருட்டி அக்குள்ல இடுக்கிக்கிட்டே நின்னார். உள்ள வாங்கன்னாலும் வரல. சீக்கிரமே திரும்பி வந்து பென்ஷன் பணத்துக்கு மனு எழுதித் தர்றேன்னார். வரல. ரொம்ப நாள் வரல. நானும் இவளை இடுப்புல வச்சுக்கிட்டு ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சேன். மனுஷன் வாய்ச்சொல் வீரர்தான் போலன்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டேன். அப்புறம் வந்தார். எலும்பும் தோலுமா. கையில ஒரே ஒரு பட்டை. இன்னொண்ணு இருந்த இடத்துல மட்டும் துணி வெளுக்காம, அடர்த்தியா, அதே வடிவத்துல...

கடைக்காரர்: பிய்ச்சிருக்காங்க.

அம்மா: எங்க போச்சுன்னு கேட்டேன். சலவைக்குப் போட்டிருக்கேன்னார்.

மகள்: பட்டையை மட்டுமா?

அம்மா: நானும் அதைத்தான் நினைச்சேன். கேக்கல. அப்புறம் ரிடையர் ஆகுறவரைக்கும் அந்த ஒரு பட்டையோடதான் வீட்டுக்கு வந்தார். கூட இருந்தவங்கல்லாம் பதவியில எங்கேயோ மேல போயிட்டாங்க.

மகள்: அம்மா...

அம்மா: கழட்டினதுதான் தம்பி. இல்லையா?

கடைக்காரர்: கழட்டினதுதாம்மா. நான் சத்தியமே பண்ணுவேன்.

மகள்: திட்டிட்டேனேம்மா அவரை...

அம்மா: திட்டினது அவருக்குக் கேக்கலை. அழாதே.

மகள்: நீதான் அழுறே.

அம்மா: அந்த விளக்கு கண்ணுல குத்துது.

கடைக்காரர்: இந்தாங்க, நகர்த்திட்டேன்... இப்ப என்ன பண்றது? மண்டபத்துக்காரங்க அசலான்னுதானே கேட்டிருக்காங்க? கை எந்தக் கைன்னு கேக்கலையே. அசல்னு மட்டும் எழுதிக் குடுத்துடவா?

மகள்: ...வேணாம் சார்.

கடைக்காரர்: நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. யாருக்கும் தெரியப் போறதில்ல.

மகள்: எனக்குத் தெரியுமே. எப்பப் போய்ப் பாத்தாலும் மாமாவோட தொப்பிதான் ஞாபகம் வரும். அப்பா பேருக்குக் கீழ வெறும் கண்ணாடியே இருந்துட்டுப் போகட்டும். வேற என்ன பண்றது... ஒண்ணுமே இல்லாமப் போயிட்டார்.

அம்மா: இருக்கு.

மகள்: என்ன இருக்கு?

அம்மா: என் கைப்பையில மாத்திரை டப்பா இருக்கு, எடு. மூடி இறுக்கமா இருக்கும், நகத்தை வச்சு நெம்பு. அடியில, பஞ்சுக்குக் கீழ.

மகள்: மாத்திரை எதுக்கு இப்ப... அம்மா!

கடைக்காரர்: இன்னொரு குதிரை!

அம்மா: அதுதான் உங்கப்பாவோடது. கடைசி லீவு முடிஞ்சு கிளம்புறப்ப உன்னைத் தூக்கி வச்சிருந்தார். நீ தொப்பியைப் பிடிச்சு இழுத்த இழுப்புல அது கையோட வந்துடுச்சு. விரலை விரிக்கவே மாட்டேன்னுட்டே. பிடுங்கினா ஊரையே கூட்டுறே. ரயிலுக்கு வேற நேரமாச்சு. ‘வச்சுக்கட்டும், நான் ஸ்டோர்ல புதுசு வாங்கிக்கிறேன்’னு சொல்லிட்டு ஓடினார்.

கடைக்காரர்: குடுங்க, குடுங்க... அச்சுல அடிச்சது. பின்பக்கம் கருப்பு. கீறல்... வலப்பக்கம் சாயுது. கேரம் ஆடின கையேதான்!

மகள்: கடங்காரி நான்... நானா பிடுங்கினேன்?

கடைக்காரர்: அப்போ அவர் கடைசியா மாட்டியிருந்தது புத்தம் புதுசு.

அம்மா: ஆமா தம்பி. லீவு முடிஞ்சு போன கொஞ்ச நாள்லயே சேதி வந்துடுச்சு. வந்தவர் என் கையில வச்சது வழவழன்னு தேஞ்சுபோன குதிரை. தொட்ட நிமிஷமே தெரிஞ்சுபோச்சு, இது இவரோடது இல்லன்னு.

மகள்: அன்னிக்கேவா? இத்தனை வருஷம் மூச்சே விடலியேம்மா! இதை ஒளிச்சு வேற வச்சிருந்தியா?

அம்மா: இதை வெளியே எடுத்தா அவர் சொன்னது பொய்னு ஆயிடும். வாசல்ல நின்னுக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுத மனுஷனை, பொய்க்காரன்னு சொல்ல எனக்கு மனசு வரல.

மகள்: சரி. அது அப்பாவோடது இல்லன்னு முதல்லயே தெரியும். அப்புறம் கழட்டினதா, வாங்கினதான்னு இன்னிக்கு வந்து எதுக்கு இந்தப் பாடு? இத்தனை வருஷம் கேக்காதது?

அம்மா: ...தம்பி இருக்கார்.

கடைக்காரர்: எனக்குக் காது கொஞ்சம் மந்தம்மா. அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கிறேன்.

மகள்: அம்மா... மாமா உன்கிட்ட கேட்டுட்டாரா?

அம்மா: உனக்கு... உனக்கெப்படித் தெரியும்?

மகள்: முதல்ல என்கிட்டதான் வந்தார். சைக்கிளை விட்டு இறங்கவே இல்ல. மணியைத் திருகிக்கிட்டே நின்னார். இந்த வயசுல உங்கம்மாகிட்ட என்னைக் கட்டிக்கிறீங்களான்னு கேக்கலாமாம்மான்னு... எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. நீங்களே கேளுங்க மாமான்னு அனுப்பி வச்சேன். நீ என்ன சொன்னே?

அம்மா: யோசிச்சுச் சொல்றேன்னேன். பாவம் பாத்து எதையோ வாங்கிக் கையில திணிச்ச மனுஷனோட ஒரு வீட்ல இருக்க என்னால ஆகாதுடி. தன்னோடதைக் கழட்டிக் குடுத்தவர்னா, அது வேற... உங்கப்பாவோடதை மண்டபத்துக்கு எழுதி வாங்கிக்கோ. அந்தத் தேஞ்ச குதிரையை இப்படிக் குடுங்க தம்பி. சாயங்காலம் அவர் வருவார். இது உங்களோடதுன்னு கையில வச்சுட்டு, சரின்னு சொல்லணும்.